மூன்று கோப்பைத் தேநீர்

லண்டன் வந்த ஐந்து நாளில் இன்றுதான் ஒருவர் என்னை நிறுத்தி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஈஸ்ட் ஹாம் தேநீர்க் கடை வாசலில் நிற்கும் இரண்டு மோர்மன் கிறிஸ்தவப் பிரசாரகர்களில் ஒருவர். இருவருக்கும் இருபது வயதுகூட இருக்காது. மகிழ்ச்சியில் மூன்று தேநீர் வாங்கி, இரண்டை நீட்டுகிறேன். சங்கடத்தோடு சிரித்து, மறுத்து, நகர்கிறார்கள்.

"அவையள் தேத்தண்ணி குடிக்கமாட்டினம், அண்ணை. சமயத்தில தடை" என்கிறார் கடைக்கார யாழ்ப்பாணத்து அக்கா. "தனியத் திரியவும் ஏலாது. எப்பவும் ரெண்டு பேராத்தான் போகவேணும். நீங்கள் தனியவோ வந்தனீங்கள்?"

"ஆமா."

மூன்றையும் நானே குடிக்கிறேன். என் சமயத்தில் தேநீருக்குத் தடையில்லை. தனியாகத் திரிவதற்கும் இல்லை.