விளக்கை விடாதேங்கோ, பெரியம்மா

பேய் பிசாசு என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். பயத்தில் இல்லை, எனக்கு நம்பிக்கை இல்லை. செத்தவர்கள் திரும்பி வருவதாக இருந்தால் என்னுடைய மனுசன்தான் முதல் ஆளாக வந்திருப்பார், என் மீன்குழம்பு இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் சோறு இறங்காது. அவர் வரவில்லை. அதனால் மற்றவர்களும் வருவதில்லை என்றுதான் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆட்களின் முகம் பார்த்துக் கதைக்கவும் கூச்சம். எழுதினால் நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியாதுதானே.

யுத்தத்தின் கடைசிக் காலம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து லேன் ஒன்றில் மேல்மாடி அனெக்ஸில் நானும் சுதனும் இருந்தோம். சுதன் என் தங்கச்சியின் மகன். தங்கச்சி வவுனியாவில், இவன் இங்கே காலி வீதியில் போன் திருத்தும் கடையில் வேலை. கடைக்குத் திருத்த வந்து யாரும் திரும்பி எடுக்காத ஒரு கேம் பெட்டியை ஒரு நாள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே ஒரு கள்ள சிடி. ஒரு இங்கிலீஷ் படப் புத்தகத்தை வைத்துச் செய்த கேமாம், அதுவும் இரண்டாம் பாகமாம். அந்தப் புத்தகத்தையும் காட்டினான், பக்கம் முழுக்கக் கறுப்பு மையை ஊற்றிவிட்ட மாதிரி இருந்தது. முதல் பாகத்தில் சவப்பெட்டி செய்கிற ஒருவன், செத்துப்போன தம்பியைத் தேடி நிலத்துக்குக் கீழே பேய்களின் பட்டணத்துக்குப் போகிறான், கண்டும் பிடிக்கிறான், ஆனால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறான். இரண்டாம் பாகத்தில் கூட்டிவரத் திரும்பிப் போகிறான்.

"ரெண்டு பேர் வேணும் பெரியம்மா, வாங்கோ."

"எட, எனக்கு உதெல்லாம் வராது."

"நீங்க அண்ணன், நான் தம்பி. லாம்பைப் பிடிச்சால் காணும், வேறொண்டும் வேண்டாம், இந்தப் பட்டனை அமத்திக்கொண்டே இருங்கோ. பேயளை நான் பாக்கிறன். லாம்பு நூந்து வெளிச்சம் போனால் நான் முடிஞ்சன், விடாதேங்கோ!"

நம்பினால் நம்புங்கள், கதவைப் பூட்டிவிட்டு நானும் விளையாடினேன். பேய் அவனை நெருங்கினால் என் கையில் இருக்கும் கேம் கைப்பிடி கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கும். ஒருதரம் அடுப்பில் கேத்தல் கொதித்தது என்று நான் கைப்பிடியை வைத்துவிட்டு எழும்ப, அவனுடைய ஆளைப் பேய்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டன. "ஒரு தேத்தண்ணிக்காக என்னைக் கொன்றுபோட்டீங்கள்" என்று இரவு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நான் பின்தங்கி நின்றால் அவனுடைய ஆள் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றும். வாங்கோ பெரியம்மா என்று கூப்பிடுகிறதுக்கு அவன் கண்டுபிடித்த வழி அது.

ஒரு பாலம் எங்களுக்குக் கடக்க முடியாமலே இருந்தது. அதன் நடுவுக்கு வந்த அன்று பின்னேரம் தங்கச்சியின் கோல் வந்து பாதியில் அறுந்தது. இவனுடைய போனிலும் சல்லி முடிந்துவிட்டது. "றீலோட் காட் வாங்கிக்கொண்டு ஓடி வாறன், ஒண்டையும் நிப்பாட்டாதேங்கோ, நிப்பாட்டினால் திரும்ப முதலில இருந்துதான்" என்று சொல்லிப் படத்தை அப்படியே நிற்கவைத்துவிட்டு, அரைக் காற்சட்டையோடு இறங்கினான். வாசல் தாண்டும்போதெல்லாம் "ஐசி எடுத்தியா?" என்று கேட்கிறவள் நான். அன்று கேட்கவில்லை. அடையாள அட்டை கதவில் தொங்கின காற்சட்டைக்குள்ளேயே இருந்தது.

சிவில் உடுப்பில் இரண்டு பேர் அவனை மறித்து வான் வண்டியில் ஏற்றினார்கள் என்று சந்திக் கடை முஸ்லிம் நானா சொன்னார். பொலிசுக்குப் போனேன், தெரிந்தவர்கள் சொன்ன இடமெல்லாம் போனேன். எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் பெட்டியில் பச்சை லைட் எரிந்துகொண்டிருக்கும். நான் நிப்பாட்டவில்லை. சாமிக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் ரிவியைப் போட்டு, பாலத்தில் நிற்கிற இரண்டு பேரையும் பார்ப்பேன். அவன் வந்ததும் விட்ட இடத்தில் தொடங்கலாம் என்று நினைத்தேன், வேறென்ன.

அப்படி ஒரு நாள் இரவாகியும் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பிளேன் வந்தது. அந்த நாட்களில் புலிகளின் பிளேன் வந்தால் கொழும்பு முழுக்கக் கரண்டை வெட்டிவிடுவார்கள். மின்விசிறி நின்றது, தெரு இருண்டது, கடல் பக்கம் துவக்குகள் வெடிக்கச் சிவப்பு மணிகள் மாதிரிக் குண்டுகள் மேலே போயின. சுவரில் என் நிழலைக் கண்ட பிறகுதான் உறைத்தது, ரிவி நிற்கவில்லை.

கேமை நிற்கவைத்திருக்கிறது என்று படத்துக்குக் குறுக்கே நின்ற எழுத்தைக் காணவில்லை. தம்பிக்காரன் மெல்லத் திரும்பி, நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

கைப்பிடியை எடுத்துப் பட்டனை அமத்தினேன். லாம்பு எரிந்தது. கைப்பிடி என் கையில் நடுங்கியது, மற்றக் கைப்பிடி நிலத்தில் சும்மா கிடந்தது. அவன் நடந்தான், நானும் நடந்தேன். பாலத்தின் அந்தக் கரை தெரிந்தது, கல்லும் ஒரு கதவும், நாங்கள் அதுவரை காணாதது.

"அம்மே! லைட் ஓஃப் கரன்ன! ஆமி எனவா!" லைட்டை நிப்பாட்டு, ஆமி வருகிறது என்று கீழ்வீட்டு மெண்டிஸ் மாத்தையா சிங்களத்தில் குரலை அடக்கிக் கத்தினார். அவர் நல்ல மனுசன். பிளேன் வரும்போது தமிழ் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் மேலே சிக்னல் காட்டுகிறார்கள் என்றுதான் எடுப்பார்கள், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். லேனில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஒரு கையால் ரிவியின் சுவிட்சை அமத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. பிளக் அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. கைப்பிடியை வைக்காமல் எட்ட ஏலாது.

வைத்தேன். லாம்பு குறைந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான், அண்ணன்காரனை அல்ல, என்னை. பிளக்கைப் பிடுங்கினேன். இல்லாத கரண்டை நான் பிடுங்க, எல்லாம் இருண்டது.

இரண்டு ஆமிக்காரர்கள் மேலே வந்து டோர்ச் அடித்தார்கள். கூட ஏறி வந்த மெண்டிஸ் மாத்தையாதான் அது மெழுகுதிரி வெளிச்சம் என்று சிங்களத்தில் சொன்னார். ஒருவன் ரிவியின் முதுகில் கையை வைத்தான், சுட்டது போலக் கையை எடுத்தான். என்னைப் பார்த்தான். மற்றவனையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

கரண்ட் வந்த பிறகு பெட்டியைப் போட்டேன். முதலில் இருந்து தொடங்கியது. சுதன் வரவில்லை. தங்கச்சி கண்ணை மூடும்வரைக்கும் அவளுக்கு நான் இதைச் சொல்லவில்லை. பிள்ளை என்னைக் கூப்பிட்டான், நான் விளக்கை நூத்தேன் என்று எந்த வாயால் சொல்ல? பிடித்துக்கொண்டு போயிருந்தால் போகட்டும் என்று அன்று இருந்திருக்கலாம். வயது போன என்னை என்ன செய்திருப்பார்கள்? அந்தக் கதவு வரைக்குமாவது அவனோடு போயிருக்கலாம்.

பெட்டி பழுதாகி எறிந்தாயிற்று. என்னுடைய கைப்பிடி மட்டும் அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே இருக்கிறது. வயர் எதிலும் கொழுவியில்லை, உள்ளே பட்டரியும் இல்லை, திருத்துகிற ஒருவரிடம் கேட்டுவிட்டேன். கரண்ட் போகிற நாட்களில் அலுமாரிக்குள் சேலைகள் அசைகிற சத்தம் கேட்கும். போய் எடுத்தால் கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டிருக்கும். நான் கட்டிலில் இருந்து பட்டனை அமத்திக்கொள்வேன். இப்போது அடுப்பில் எது கொதித்தாலும் எழும்புவதில்லை, கதவில் யார் தட்டினாலும் எழும்புவதில்லை. அது அடங்கும்வரைக்கும் விரலை எடுப்பதில்லை.