அத்தைக்கு அப்பா செய்த மோட்டார் சைக்கிள்

அப்பா மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய வருஷத்தில்தான் எங்கள் வீட்டில் கட்டில் இல்லாமல் போனது. அம்மாவும் நானும் படுக்கிற இரும்புக் கட்டில் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாடிவிட்டு வந்து பார்த்தால் மெத்தை தரையில் கிடந்தது. வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் அப்பா உட்கார்ந்து, கட்டிலின் நீளச் சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல இரும்பு. கடையில இப்ப இப்படிக் கெடைக்காது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அப்படியே அடுப்பையும் பேத்து எடுத்துக்கங்க."

எங்கள் தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே இருக்கிறது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். சுற்றுகிற எதையும் தன்னால் செய்துவிட முடியும் என்பது அவர் நம்பிக்கை. அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அவளும் முன்பு கொழுந்து பறித்தவள்தான். மழைநாளில் மலையில் சறுக்கி விழுந்ததில் இடது கால் முட்டி நொறுங்கி, அதன் பிறகு அந்தக் கால் மடங்கவே இல்லை. கக்கத்தில் கட்டை ஊன்றித்தான் நடப்பாள். வலது காலால் தையல் மெஷினை மிதித்து, லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டையும் பெண்களுக்கு ரவிக்கையும் தைத்தாள்.

அத்தை டவுனுக்குப் போக வேண்டுமென்றால் ஆட்டோ வர வேண்டும், கூடவே ஒரு ஆளும் போக வேண்டும். ஆள் கிடைக்காதபோது அப்பாவே நூல் வாங்கி வருவார். எப்போதும் வேறு நிறத்தில் வாங்கி வருவார். அத்தை நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "அண்ணே, இது பச்சையா?" என்பாள். "பச்சை மாதிரித்தான்" என்பார் அப்பா. அப்படியொரு சண்டைக்குப் பிறகுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. தங்கச்சிக்கு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள். தானே செய்வார், வீட்டிலேயே செய்வார், வேண்டியதை அங்கங்கே பொறுக்கிச் சேர்ப்பார்.

அத்தையிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

பழைய இரும்புக் கடையிலிருந்து துருப்பிடித்த மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. பள்ளத்தில் உருண்டு நொறுங்கிய ஆட்டோவிலிருந்து பின்சக்கரங்கள் வந்தன. சீட்டுக்குப் பஞ்சு, எங்கள் வீட்டில் இருந்த ஒரே மெத்தை நாற்காலியிலிருந்து. மாரியம்மன் கோயில் தூணுக்கு அடித்தது போக மீதமிருந்த மயில்நீலப் பெயின்டைப் பூசாரி கொடுத்தார். அது பெட்ரோல் தொட்டிக்குப் போதவில்லை, வலது பக்கம் பழைய சிவப்பாகவே நின்றது. எஞ்சின் எங்கள் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் குடியேறியது. சோற்றில் பெட்ரோல் வாசம். என் வெள்ளைச் சீருடையில் கிரீஸ். வகுப்பில் டீச்சர், "ஒங்க வீட்டுல கராஜா வச்சிருக்கீங்க?" என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். அன்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, அந்தச் சனியனைத் தூக்கிச் சாக்கடைக் கானில் போடச் சொன்னேன். "போடுறதுக்கு முன்னால என் கட்டில எடுத்துத் தரச் சொல்லு" என்றாள் அம்மா.

மாதங்கள் போயின. ஒருநாள் அப்பா அத்தையைச் சீட்டில் தூக்கி உட்காரவைத்தார். அத்தை இடது காலால் கியர் போட முடியாது என்பதால், கட்டில் சட்டத்தில் செய்த ஒரு நீளக் கம்பியைக் கியரில் பொருத்திக் கைக்கு எட்டும்படி இடது பக்கம் நிறுத்தியிருந்தார். அத்தை இடது கையால் கிளட்சைப் பிடித்தாள். கம்பியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"இந்தக் கை கிளட்ச புடிச்சிருக்கு. கியரு எந்தக் கையால போடுறது? எனக்கென்ன மூணு கையா இருக்கு?"

அப்பா கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு, "பழகிக்கலாம்" என்றார்.

"நான் சட்டை தைச்சா ஆள அளந்துட்டுத்தான் தைப்பேன். தைச்சு முடிச்சிட்டு ஆளப் பழகிக்கச் சொல்ல மாட்டேன்."

அத்தை தன் தையல் சாக்கட்டியை எடுத்து, கம்பி எங்கே வளைய வேண்டும் என்று கோடு போட்டாள். தொட்டிக்கு மேலாக வலது கைப்பக்கம். கைப்பிடி இன்னும் கிட்டே வர வேண்டும், மடங்காத காலை நீட்டிவைக்க முன்னால் ஒரு தகடு வேண்டும் என்று அதற்கும் கோடு போட்டாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கழற்றினார். அதுவரை எரிச்சலோடு பார்த்தவள், அன்றிலிருந்து தையல் மெஷினை விட்டுவிட்டு இஸ்தோப்பிலேயே கிடந்தாள். இருவரும் ஓயாமல் சண்டை போட்டார்கள்.

அத்தை கேட்காத ஒன்றும் அதில் இருந்தது. பின்னால் ஒரு சிறு சீட்டு. அது எனக்கு. "அத்தை எங்க போனாலும் நீ பின்னால இருக்கணும். தனியா விடக் கூடாது" என்று அப்பா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் அத்தை பழகினாள். அப்பா பின்னாலேயே ஓடினார். நன்றாகவே பழகிவிட்டாள் என்று எல்லோரும் சொன்ன பிறகும் ஓடினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கோயில் வரைக்கும் போய்த் திரும்பி வரலாம் என்று அப்பா அனுமதி கொடுத்தார். நான் பெருமையாகப் பின்னால் ஏறிக்கொண்டேன். கோயில் திருப்பத்தில் அத்தை நிறுத்தினாள்.

"எறங்கிப் பின் டயர்ல காத்து இருக்கான்னு அமுக்கிப் பாரு."

இறங்கினேன். குனிந்து அமுக்கினேன். டயர் என் கையை விட்டுப் போனது. நிமிர்ந்தபோது மயில்நீலம் அடுத்த வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்பா ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். அத்தையின் போனுக்கு எடுத்தால், அது வீட்டில் தையல் மெஷின் மேல் அடித்தது. அப்பா ஆட்டோ பிடித்து ஹாலிஎலைக்கும் அங்கிருந்து பதுளைக்கும் போனார். பஸ் ஸ்டாண்ட், நூல் கடை, கடைசியில் ஆஸ்பத்திரி என்று தேடினார். மொனராகலை ரோட்டில் பார்த்ததாக ஒருவன் சத்தியம் செய்தானாம். வீட்டில் அம்மா என்னை ஏசித் தீர்த்தாள். "டயர அமுக்கச் சொன்னா அமுக்கிருவியா? ஒனக்கும் ஒங்கப்பாவுக்கும் ஒரே மூளை!" ஏசிய வாயோடு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை.

பொழுது சாயப் போகும் நேரத்தில் மலை அடிவாரத்தில் அந்த எஞ்சின் இருமுவது கேட்டது. அப்பா அப்போதுதான் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருந்தார். அத்தை தூசி அப்பிய முகத்தோடு வந்து நிறுத்தினாள். யாரையும் தூக்கவிடாமல் தானே இறங்கினாள்.

"எங்க போன?" என்றார் அப்பா.

"ரோட்டுல போனேன்."

"பொலிஸ் மறிச்சிருந்தா? பள்ளத்துல விழுந்திருந்தா?"

"விழல்ல அண்ணே. பிரேக் நல்லாத்தான் இருக்கு."

அப்பா சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் சாவி தையல் மெஷின் மேல் இருந்தது. அப்பா வைத்தாரா, அம்மா எடுத்து வைத்தாளா, தெரியாது.

எனக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. அத்தை தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, என்னை ஏமாற்றிவிட்டு அப்படி எங்கேதான் போனாள் என்று கேட்டேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"பெரகலை வரைக்கும் போனேன்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. சந்தியில ஒரு டீக்கடை. ஒரு பிளேன்டீ வாங்கிக் குடிச்சேன். வந்துட்டேன்."

என்னால் நம்ப முடியவில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து பண்டாரவளையும் ஹப்புத்தளையும் தாண்டி, மலைமலையாக ஏறி இறங்கிப் போனது ஒரு பிளேன்டீக்கா? அதற்காகவா அப்பா ஆஸ்பத்திரி வரை போய்த் தேடினார், நான் ஏச்சு வாங்கினேன்? நேராக அம்மாவிடம் போனேன். அவள் மலைக்குப் போகிற அவசரத்தில் ஈரம் தடுக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே தன் தேநீரை விழுங்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அத்தையை நன்றாக நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா கோப்பையை வாயிலிருந்து எடுத்தாள்.

"தனியா ஒக்காந்தா குடிச்சுச்சாம்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்டுவிட்டு வா என்றாள். இவளுக்கு இது எதற்கு என்று சலித்துக்கொண்டே நான் திரும்பவும் அத்தையிடம் போனேன்.