சிஸ்டர் இபிதுன்னியின் டேப்

எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஸ்கேன் இயந்திரம் கிடையாது. மருத்துவச்சி சிஸ்டர் இபிதுன்னியும், தையல்காரர் கழுத்தில் தொங்குவது போன்ற ஒரு துணி டேப்பும்தான். டேப் இழுபட்டுப் போனால் குழந்தையின் எடை பொய்யாகிவிடும் என்று, வாராவாரம் அதை மர அளவுகோலோடு ஒட்டிவைத்துச் சரிபார்ப்பார்.

நிலைய வாசலில் காராமணி மாவை அரைத்து அக்காரா வடை பொரிப்பது என் பிழைப்பு. மிளகாய் அதிகம் என்று சிஸ்டர் தினமும் என்னோடு சண்டை போடுவார், தினமும் வாங்கியும் தின்பார். அப்படி ஒரு மனுஷி.

அவர் கணக்கு எளிது. கர்ப்பிணியின் வயிற்று உயரத்தையும் தொப்புளைச் சுற்றிய அளவையும் சென்டிமீட்டரில் எடுத்துப் பெருக்கினால், வருவது குழந்தையின் எடை, கிராமில். "ஏறக்குறையத்தான். கடவுளோட தராசையா திருடிட்டு வந்தேன்?" என்பார். ஆனால் நாலு கிலோவைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிதான். அதில் பேச்சே கிடையாது.

என் தங்கை மொரோலயோவின் முதல் குழந்தை பெரியது. வெளியே வரமுடியாமல் சிக்கி இறந்துபோனது. அதை யாரும் நிறுத்துக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி அவள் உண்டானபோது சபைப் பெண்கள் கூடி, 'வேதத்தில் வரும் எபிரேயப் பெண்களைப் போல, மருத்துவச்சி வருமுன்பே சுகமாகப் பெறுவாய்' என்று ஜெபித்தார்கள். பிரசவத்தில் கத்தி பட்டால் விசுவாசம் குறைந்தவள் என்று பேச்சு வரும். அதனால் டேப் வயிற்றைச் சுற்றியதும் இவள் மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற எனக்கே அது தெரிந்தது.

சிஸ்டர் திட்டவில்லை. டேப்பைப் பிடித்தபடியே பேச்சை மாற்றினார்.

"உங்க அக்கா வடையில இன்னிக்கு ஒரு ஈ செத்துக் கிடந்துச்சு. பாவம், மிளகாய் தாங்கல."

"யாரு வடையில ஈ? காட்டுங்க பாப்போம்!" என்று நான் கையிலிருந்த வடைக் கரண்டியோடு எகிறினேன்.

மொரோலயோ விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்து மூச்சை விட்டதும் வயிறு தன் இடத்துக்கு வந்தது. சிஸ்டர் டேப்பைப் படித்தார்.

"சுத்தளவு நூத்தியேழு. உயரம் நாப்பது. பிள்ளை நாலு கிலோவுக்கு மேல இருக்கான். கிளம்பு."

"சபையில என்ன சொல்லுவாங்க சிஸ்டர்?" தங்கை அழுதுவிட்டாள்.

"எபிரேயப் பொம்பளைங்களுக்கும் மருத்துவச்சி இருந்தாங்கடி, வேதத்துலயே பேரு இருக்கு. உனக்கு நான் இருக்கேன். போன தடவை வெறுங்கையோட வீட்டுக்குப் போனியே, அது போதாதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். நாலு கிலோ முந்நூறு.

ஈ விழுந்த வடை என்று ஊரே சிரித்தாலும் பரவாயில்லை, அந்தப் பொய்க்கு நான் காலமெல்லாம் கடன்பட்டவள். இன்றும் சிஸ்டருக்கு என் கடையில் முதல் ஈடு வடை, மிளகாய் குறைத்து.

பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டருக்குப் போன் செய்தேன். எடை எவ்வளவு என்று கேட்பார் என நினைத்தேன்.

"அங்க யாரு அழுறது? அவளா, பிள்ளையா?"

"ரெண்டு பேரும், சிஸ்டர்."

"நல்லா அழட்டும்" என்றார்.