கேமராவுக்கு வெச்ச பொட்டு

இன்னைக்குப் பெரிய காஞ்சிபுரத்துல ஒரு பட்டுக்கடைக்கு கேட்லாக் ஷூட். எடுக்கிற படம் உடனே லேப்டாப்புல தெரியணும்னு கடை முதலாளி கேட்டதால, கேமராவை கேபிள்ல இணைச்சிருந்தேன்.

ரெண்டு படம் வரும், கனெக்‌ஷன் போயிடும். கேபிளை மாத்தினேன். லேப்டாப்பை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். மாடல் பொண்ணு முகூர்த்தப் புடவையில வேர்த்துக்கினு நிக்குது.

"மெட்ராஸ்காரங்க நல்ல கேமராவா எடுத்தாருவாங்கபா," முதலாளி சேர்ல சாஞ்சிக்கினு சொன்னார்.

கடைசியில டார்ச் அடிச்சுப் பார்த்தா, கேமராவுல கேபிள் சொருகுற ஓட்டைக்குள்ள காஞ்சுபோன சந்தனம். அதுமேல குங்குமம்.

"காலையில நீ டீ குடிக்கப் போனப்ப நான்தான் வெச்சேன். எந்த மிஷின் வந்தாலும் பொட்டு வெக்காம ஓட்ட மாட்டோம்பா," முதலாளி சொன்னார்.

"அதுக்கு ஓட்டைக்குள்ளயா சார்?"

"லென்ஸ்ல வெச்சா படம் கெட்டுடும்ல? அதுகூடத் தெரியாதா எனக்கு?"

பல் குத்துற குச்சியால சுரண்டி எடுத்தேன். அப்புறம் ஒரு தடவைகூட கனெக்‌ஷன் போகல.

முதலாளி லேப்டாப்பைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கினார். "பாத்தியா, பொட்டு வெச்ச பலன்!"

இதுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்? நல்ல வார்த்தையா யாராவது சொல்லுங்க. எனக்கு வர்றதையெல்லாம் இங்க எழுத முடியாது.