உருண்டு போன கல்

ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில், மலையில் ஓடப் போகிறேன் என்று சொன்னால், "பார்க்குல நடக்கலாமே சார்" என்பார்கள். பார்க்கில் நடப்பவர்களைப் பார்த்துப் பயந்துதான் நான் மலைக்கே போனேன். செங்கல்பட்டுக்கு வெளியே, ஏரியும் ரயிலும் தெரிகிற மலையின் ஒற்றையடிப் பாதையில் ஞாயிறுதோறும் நானும் என் நண்பனும் ஓடுவோம். இருவரும் ஒரே அலுவலகத்தில் நாற்காலி தேய்க்கிறவர்கள். நான் வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவன், அவன் செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். அங்கே ஆடு மேய்க்கிற அம்மா எங்களைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாத்துக்குப்பா ஓடறீங்க, நாய் தொரத்துதா?" என்று கேட்பார்.

முன்னால் ஓடுகிறவன் குரல் கொடுக்க வேண்டும். அது நாங்களே வைத்துக்கொண்ட சட்டம். பாதை குறுகல். பின்னால் வருகிறவனுக்கு முன்னே போகிறவனின் முதுகுதான் தெரியும், தரை தெரியாது. அதனால் கல் வந்தால் "கல்லு", வேர் வந்தால் "வேரு", காலை வாரிவிடும் இடமென்றால் "சரளை", முகத்துக்கு நேரே முள்கிளை நீட்டிக்கொண்டிருந்தால் "குனி". பின்னால் வருகிறவன் அதைத் தாண்டியதும் "ஆச்சு" என்பான். எப்போதும் என் நண்பன்தான் முன்னால், ஏனென்றால் எனக்குத்தான் மூச்சு வாங்கும். பல வருடம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடியதில், முகத்தைவிட அவன் முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வருடம் மழை கொட்டித் தீர்த்தது. பல வாரம் மலைப்பக்கமே போக முடியவில்லை. வெயில் வந்த முதல் ஞாயிறு கிளம்பினோம். பாதி ஏற்றத்தில், பாதை இடதுபக்கம் திரும்புகிற இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் உண்டு. "கல்லு!" என்று கத்திவிட்டு அவன் தாவினான். பழக்க தோஷத்தில் நானும் தாவினேன். அங்கே கல் இல்லை. தண்ணீர் அரித்த பள்ளம்தான் இருந்தது. கணுக்கால்வரை சேற்றில் இறங்கினேன்.

"டேய், எங்கடா கல்லு? விளையாடறியா?" என்று ஆரம்பித்து, வாயில் வந்த எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எப்போதும் திருப்பித் திட்டுகிறவன் அன்று திட்டவில்லை.

"கீதேடா," என்றான். திரும்பி வந்து, கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடுகிற மாதிரி அந்த இடத்தைக் காலால் துழாவினான். கல் சரிவில் கொஞ்சம் கீழே உருண்டு, ஒரு புதரில் முட்டிக்கொண்டு கிடந்தது. வெயில் அதன் மேலேயே அடித்தது. "அதோ கிடக்குது பாரு," என்று கை காட்டினேன். அவன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடிக்கொண்டே இருந்தான். நான் அவன் கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த பாறைக்குக் கூட்டிப் போனேன்.

பாறையில் உட்கார்ந்த பிறகு சொன்னான். "கொஞ்ச நாளாவே இப்டிதான் மச்சான். நேரா கீறது தெரியுது. கீழ கீறது, பக்கத்துல கீறது தெரியல. குனிஞ்சு பாத்தாதான் என் காலே தெரியுது."

"அப்புறம் எப்படிடா ஓடின?"

"பாதைதான் மனப்பாடமாச்சே. சொன்னா நீ ஓட வுட மாட்ட. அதான்."

கோபம்தான் முதலில் வந்தது. அவன் தரையைப் பார்த்துச் சொல்கிறான் என்று நம்பித்தானே நான் தாவினேன்? அவனோ மனதுக்குள் இருந்த ஒரு மலையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறான், நானும் அவன் பின்னால் அதே மலையில் ஓடியிருக்கிறேன். இறங்கும்போது முதல்முறையாக நான் முன்னால் போனேன். எனக்குக் குரல் கொடுக்கவே வரவில்லை. கல்லை நான் தாண்டிய பிறகுதான் "கல்லு" என்று வாயில் வரும். இரண்டு தடவை காலை இடித்துக்கொண்டபின் அவன் என் முதுகுப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மலை கூடவே கூடாது. வெளியே வந்ததும் அவன் மனைவி என்னிடம், "வூட்ல கதவு நெலையில இடிச்சிக்கினே கீறாருண்ணே. பராக்குப் பாத்துகினு நடக்கறாருன்னு நான் திட்டிக்கினு இருந்தேன்," என்று அழுதார். "வா, நாஸ்தா துன்னலாம்," என்று அவன் அவரைச் சமாதானப்படுத்தினான். மருந்து விடுவதில் அவர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனாலும் இருந்த பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது அவனுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

ஞாயிறுகளில் அவனைத் திருவிடந்தை கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன். ஒரு துண்டின் இரு முனையையும் இருவர் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு, அலை நனைத்த மணலில் ஓடுகிறோம். முதல் நாள், வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா அண்ணாத்த, யாரு யாரை இஸ்துகினு போறீங்க?" என்று கேட்டார். "இவன்தான் வெயிட்டு. நான்தான் இஸ்துகினு போறேன்," என்றான் என் நண்பன். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன ஞாயிறு பாதியில் சட்டென்று வேகம் குறைத்தான். "சப்புனு கீது மச்சான். ஒண்ணுமே இல்ல இங்க. நம்ம மலைய சொல்லேன்."

முதலில் புரியவில்லை. புரிந்ததும் வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஆனாலும் ஆரம்பித்தேன். அடிவாரத்திலிருந்து. "சரளை." "ஆச்சு." "வேரு." "ஆச்சு." "குனி" என்றபோது கடல் காற்றில் அவன் நிஜமாகவே குனிந்தான். மலையில் வராத குரல் எனக்கு இங்கே சரியாக, நேரத்துக்கு வந்தது. இடதுபக்கத் திருப்பம் வந்ததும் அந்தக் கல்லை விட்டுவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். மனசு கேட்கவில்லை.

"கல்லு!"

சமமான மணலில் அவன் முழங்காலைத் தூக்கித் தாவினான். துண்டு என்னையும் இழுக்க, நானும் தாவினேன்.

"ஆச்சு," என்றான்.

அதற்கடுத்து ஒரு வேர். அழுகை அவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு ஓடினேன். அவன் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தான்.

"இன்னாடா, சொல்லு," என்றான். "நீதானே முன்னால போற."