மாசியில் கழித்த மல்லி

குழந்தைசாமி இருபத்தேழு வருடம் அபுதாபியில் செடி வைத்தார். சாலை நடுவிலும் ரவுண்டானாக்களிலும் பூச்செடி நட்டுப் பராமரிக்கும் கம்பெனி அது. குளிர்காலம் தொடங்கும்போது லாரியில் நாற்று வரும். கயிறு பிடித்து வரிசையாக நட வேண்டும். வெயில் ஏறும் மாதத்தில் ஒரு நாள் சூப்பர்வைசர் ஒரு தாளைக் காட்டுவான். அன்றைக்கே அவ்வளவையும் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட வேண்டும். நன்றாகப் பூத்துக்கொண்டுதானே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவரும் கேட்டதில்லை.

ஐம்பத்தெட்டு வயதில், போன ஐப்பசியில், ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். கீரமங்கலத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். அவர் சம்பாதித்து அனுப்ப, மனைவி பரிமளா வெயிலில் நின்று கட்டிய மாடி வீடு. பரிமளா கொரோனா இரண்டாவது அலையில் போய்ச் சேர்ந்தாள். அவரால் வர முடியவில்லை. அடக்கத்தைத் தொழிலாளர் கேம்ப் அறையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தார். அங்கே யாரோ போனைப் பிடித்திருந்தார்கள், பாதி நேரம் வானம்தான் தெரிந்தது. ஒரே மகள் அன்புமொழி கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு திருப்பூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். அவர் ஆமாம் என்பார். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்து தங்கிய வீடு. எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்பதே ஒரு மாதம் வரை அவருக்குப் பிடிபடவில்லை. காலையில் எழுந்ததும் வேலைக்குக் கட்டும் இடுப்புப் பெல்ட்டைத் தேடுவார். பிறகு, வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி எதுவும் வராது என்பது நினைவுக்கு வரும்.

மாசி பிறந்து பனி குறைந்ததும் ஒருநாள் கொல்லைக் கதவைத் திறந்து மண்வெட்டியோடு இறங்கினார். ஆறு சென்ட் இடம். பழைய பாத்திகளில் கோரை மண்டிக் கிடந்தது. சுவரோரம் ஒரு முருங்கை. நடுவில் பன்னிரண்டு மல்லிச் செடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து காடாகிப்போயிருந்தன. நாலு நாள் கோரையைத் தோண்டி எடுத்தார். கயிறு கட்டிப் பாத்தி பிடித்தார். கீரமங்கலத்தில் வெண்டை, கொத்தவரை விதையும் கத்திரி நாற்றும் வாங்கி வந்தார். வரப்போரம் நட செண்டிப்பூ நாற்று நாற்பது. ஐந்தாம் நாள் செடி வெட்டும் கத்தரிக்கோலைத் தீட்டிக்கொண்டு மல்லியில் கைவைத்தார். பன்னிரண்டையும் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக வெட்டி நிறுத்தினார். அந்த வேலை அவருக்குக் கைவந்தது. வெட்டி முடித்து எட்ட நின்று பார்த்தபோது, ஊருக்கு வந்த பிறகு முதல்முறையாக மனசு கொஞ்சம் நிறைந்திருந்தது.

பக்கத்து வீட்டு ராக்காயி ஆட்டுக்கு முருங்கைக் கொழை ஒடிக்க வந்தவள் வேலிக்கு அங்கிட்டே நின்றுவிட்டாள்.

“என்னண்ணே, இப்பப் போயி கழிச்சுப்புட்டீங்க?”

“ஏன், காடாக் கெடந்துச்சே.”

“மார்கழியிலயில்ல கழிக்கணும். இப்ப அரும்பு கட்டுற நேரம். வெட்டுன கொப்பப் பாருங்க.”

அவர் குனிந்து ஒரு கொப்பை எடுத்துப் பார்த்தார். இலைக் கணுக்களில் கடுகு போல் பச்சையாக அரும்புகள். கொப்புக் கொப்பாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தது.

“பரிமளா இருந்தா இந்நேரம் ஒரம் போட்டிருக்கும். பங்குனியெல்லாம் விடியுமுன்ன டார்ச்லைட்டோட நின்னு எடுக்கும். பூ வண்டி ஆறு மணிக்கு வந்துருமில்ல” என்றாள் ராக்காயி.

“இது எப்ப வச்சது?”

“ஒங்களுக்குத் தெரியாதா? கஜா புயல்ல தென்னை நாலும் சாஞ்சுச்சில்ல, அந்த எடத்துலதான். கொல்லை மொட்டையா கெடக்குறதப் பாக்க முடியலன்னு எங்க தோட்டத்துலதான் பதியன் வாங்குச்சு.”

ராக்காயி போன பிறகு அவர் வெட்டிப்போட்ட கொப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

புயலுக்கு அடுத்த கோடையில் ஒருநாள் பரிமளா போனில் மல்லியைப் பற்றித்தான் ஆரம்பித்தாள். பன்னிரண்டும் தளிர்த்துவிட்டது, முதல் பூ எடுத்தேன் என்றாள். அன்றைக்கு அவருடைய கூட்டாளி ஒருவன் வெயிலில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அவருக்கும் தலை சுற்றிக்கொண்டிருந்தது. “பூவப் பத்திப் பேசாத. நாளெல்லாம் பூவோடதான் சாகுறேன்” என்று சொல்லிவிட்டார். அவள் பேச்சை மாற்றி, மழை பெய்ததா என்று அவரிடம் கேட்டாள். அபுதாபியில் மே மாதம் மழையா என்று அவர் எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் உயிரோடிருந்தாள். பூ என்ற சொல் போனில் வரவே இல்லை.

கொப்புகளை அள்ளி வெளியே போட அவருக்கு இரண்டு நாள் ஆனது.

பங்குனி கடைசியில் பாத்திகள் காய்க்கத் தொடங்கின. செண்டிப்பூ வரப்பு முழுக்க மஞ்சளாக நின்றது. வெண்டை தினமும் ஒரு கூடை. ஒருவர் எவ்வளவு சாப்பிடுவது? ராக்காயிக்குக் கொடுத்தார். ஊரில் மற்றவர்கள் வீட்டுக் கொல்லையிலும் அதேதான் காய்த்துக்கிடந்தது. இரண்டு நாள் பறிக்காமல் விட்டதில் காய்கள் முற்றி நாராயின. அந்த ஞாயிற்றுக்கிழமை, மாத்திரை போட்டாயிற்று என்று சொன்ன பிறகு அவர் போனை வைக்கவில்லை.

“ஆத்தா, கொல்லையில வெண்டைக்கா காச்சுக் கெடக்கு. கத்திரிக்காயும் இருக்கு. பஸ்ல போட்டுவிடவா?”

அன்புமொழி “போட்டுவிடுங்கப்பா” என்றாள்.

ஈரத்துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி, புதுக்கோட்டை வரை தானே கொண்டுபோய்த் திருப்பூர் வண்டியில் ஏற்றினார். மறுநாள், ஞாயிறு இல்லாத ஒரு நாளில், அவளே கூப்பிட்டாள். வெண்டை கொஞ்சம் வாடிவிட்டது, கத்திரிக்காய் நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு கேட்டாள்.

“அம்மா மல்லி இருக்காப்பா?”

“மாசியில வெட்டிப்புட்டேன். தெரியாமப் போச்சு.”

“செத்துப்போச்சா?”

“இல்லத்தா. தளுத்துக்கிட்டுதான் இருக்கு. பூ இனிமேதான்.”

அவர் நிறுத்தவில்லை. பூவைப் பற்றிப் பேசாதே என்று அன்று பரிமளாவிடம் சொன்னதை மகளிடம் சொன்னார். யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

“தெரியும்பா. நான் அன்னைக்குப் பக்கத்துலதான் இருந்தேன்.”

“ஒங்கம்மா என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. போன வச்சுட்டுக் கொல்லைக்குப் போயிருச்சு.”

குழந்தை அழுகிறது என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வைகாசி பிறந்த வாரம் கைக்குழந்தையோடு இரண்டு நாள் வந்திருந்தாள். அப்போதுதான் மல்லி பூத்தது. அதிகமில்லை, ஒரு படி இருக்கும். விடியுமுன் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கமாக நின்று எடுத்தார்கள். அவள் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். கொஞ்சத்தைப் பரிமளா படத்துக்குப் போட்டாள். குழந்தை தாத்தாவிடம் வர மறுத்து அழுதது. இரண்டாம் நாள் மாலைதான் அவர் விரலைப் பிடித்தது.

“திருப்பூருக்கே வந்துருங்களேம்பா” என்று கிளம்பும்போது சொன்னாள்.

“பாக்குறேன்த்தா.”

பார்க்கப் போவதில்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கீரமங்கலத்தில் பஸ் ஏற்றிவிட்டு, அது வளைவில் திரும்பும் வரை நின்றார். வீட்டுக்கு உடனே போகப் பிடிக்கவில்லை. கடைத்தெருவில் நடந்து விதைக் கடைக்குள் போனார். வெண்டை முடிந்துவிட்டது, அடுத்துப் பாகல் போடலாம் என்று ஒரு யோசனை.

“பெரிய பாக்கெட்டா, சின்னதா?” என்றார் கடைக்காரர். “வீட்ல எத்தன பேரு?”

குழந்தைசாமி கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த பாக்கெட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சின்னதே குடுங்க” என்றார்.