நுரையண்ணனின் மூக்கு

அவர் குடிகாரர் இல்லை. அவருடைய மனைவியே இதை யாரிடமும் சொல்வார், அதுவும் சலித்துக்கொண்டு. "குடிகாரனா இருந்தாலாவது திட்டித் திருத்தலாம். இவரு ஒரு கிளாஸை முன்னால வச்சுக்கிட்டுச் சாயங்காலம் பூரா மோந்து பாத்துக்கிட்டு இருப்பாரு. இதை என்னன்னு சொல்லித் திட்டுறது?"

மனைவி வீட்டு முன்னறையில் திரைச்சீலை தைப்பார். அவர் அவற்றை வாடிக்கையாளர் வீடுகளுக்கு எடுத்துப்போய் மாட்டிவிட்டு வருவார். தோளில் ஏணி, பையில் டிரில்லும் ரசமட்டமும். வேலை எந்தப் பக்கம் இழுத்துப் போனாலும் அந்தப் பக்கத்து பார் எது, அங்கே குழாயில் என்ன பீர் வருகிறது என்பது அவருக்கு அத்துப்படி. கிளாஸ் வந்ததும் நுரை அடங்கும்வரை தொடவே மாட்டார். அதனால் பாருக்கு வருகிறவர்கள் அவருக்கு நுரையண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எல்லா இடமும் அவருக்குப் பிடித்துவிடாது. மனதுக்குப் பிடித்தவை மூன்றுதான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் படியிறங்கிப் போகும் நிலவறை பார் ஒன்று. அங்கே கிடைக்கும் கறுப்பு பீரில் வறுத்த காப்பிக்கொட்டையும் ரொட்டியின் கருகிய ஓரமும் சேர்ந்து மணக்கும். இரண்டாவது, ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த கூடம். அங்கே கலங்கலான கோதுமை பீர். வாழைப்பழமும் கிராம்பும் யாரும் போடாமலே அதில் எப்படி மணக்கிறது என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

மூன்றாவது, சந்தைக்குப் பின் தெருவில் இருந்த அக்காவின் கடை. சின்ன இடம். உள்ளே நாலைந்து மேசை, பின்கட்டில் பெரிய எஃகு அண்டாக்கள். அக்கா தானே ஏல் காய்ச்சுவாள். ஏல் என்றால் குளிரில் வைக்காமல் அறைச் சூட்டிலேயே புளிக்கவிட்டு எடுக்கும் பீர். பழ வாசனை தூக்கலாக இருக்கும். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீராத வழக்கு.

ஒருமுறை அக்காவின் ஏல் கெட்டுப்போயிருந்தது. வெந்த முட்டைக்கோஸ் வாடை. கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? "இன்னிக்கு எனக்குச் சளிக்கா, ஒண்ணும் தெரியல" என்று கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. குழாயை மூடினாள். அன்று முதல் அவர்களுக்குள் அது ஒரு குறிப்பாகவே ஆகிப்போனது. அண்ணனுக்குச் சளி பிடித்தால் பீப்பாய் காலி.

இப்படி இருக்கையில்தான் அவர் ஏணியிலிருந்து விழுந்தார். ஒரு மாடி வீட்டின் ஜன்னலுக்கு மேலே கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது ஏணிக்கால் வழுக்கியது. பின்மண்டை ஜன்னல் விளிம்பில் மோதியது. தையல் போட்டார்கள். சில நாளில் எழுந்து நடமாடவும் தொடங்கினார். தலை தப்பியதே என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள்.

ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மனைவி துணி வாங்கப் போயிருந்தார். பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் சமையலறை வாசலிலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வீடே கருகுது. இங்கயே உக்காந்திருக்கீங்க?" என்றபடி மனைவி உள்ளே ஓடி வந்தார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பாத்திரத்தின் அடி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. புகை கண்ணில் பட்டது. மூக்கில் எதுவும் படவில்லை.

மண்டையில் பட்ட அடியில் வாசனை நரம்பு அறுந்திருக்கலாம் என்றார் டாக்டர். "வரலாம், வராமலும் போகலாம். இதுக்கு மருந்துன்னு எதுவும் இல்ல. தினமும் நாலு பொருளை மோந்து பாருங்க. நரம்புக்கு ஞாபகம் வந்தாலும் வரும்."

மனைவி விடவில்லை. காலையில் தையல் மெஷினில் உட்காருமுன் அவரைக் கண்மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்கருகே பிடிப்பார்.

"இது என்ன?"

"சோப்பு."

"கிராம்புங்க."

"ஓ."

"சரி, இது?"

"கிராம்பா?"

மனைவி கையிலிருந்ததைக் கீழே வைத்தார். அது எலுமிச்சம்பழம். கொஞ்ச காலத்தில் மனைவி கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். பொருளை நீட்டுவார், தானே பெயரையும் சொல்லிவிடுவார், கணவரும் தலையை ஆட்டுவார்.

வெளியில் இருவரும் மூச்சுவிடவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் நிலவறைக்குப் போய்ப் பார்த்தார். கறுப்புக் கசப்புத் தண்ணீர். அச்சகக் கூடத்துக்குப் போனார். அங்கே வெள்ளைத் தண்ணீர், நாக்கில் கொஞ்சம் சுருக்கென்று குத்தியது. பக்கத்து மேசையில் இருந்த ஒருவர், "அண்ணே, இன்னிக்கு எது குடிக்கலாம்?" என்று கேட்டார். அவர் இன்னொருவருடைய கிளாஸைக் கை காட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அக்காவின் கடைப் பக்கம் மட்டும் போகவில்லை. அக்காவே ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினாள். பின்கட்டுச் சுவரில் அவளே கொடியேற்றி வளர்த்த ஹாப்ஸ் பூ அந்த வருஷம்தான் முதன்முதலாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது அந்தப் பூதான். அதைப் போட்டு ஒரு பீப்பாய் ஏல் காய்ச்சியிருந்தாள். கடைசியில் ஒரு மதியம், கடை திறக்குமுன் அவர் போனார்.

அக்கா செம்பு நிறத்தில் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்தாள். "காலையிலேர்ந்து இதுக்குள்ளயே நிக்கிறேன். எனக்கு எல்லாம் ஒரே வாசம்தான். நீங்க சொல்லுங்கண்ணே."

அவர் குடித்தார். குளிர்ச்சி தெரிந்தது. கசப்பு, அடியில் கொஞ்சம் இனிப்பு. அதற்குமேல் எதுவும் இல்லை. இன்னொரு வாய் குடித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அக்காவின் முகம் வாடிவிட்டது.

"சளியா?" என்றாள்.

"இல்லக்கா, சளி இல்ல. என் மூக்கே போச்சு. அன்னிக்கு விழுந்தேன்ல, அதுல..."

"விடுங்கண்ணே. அன்னிக்கு வெறும் சளின்னீங்க, அது முட்டைக்கோஸ் வாடை. மூக்கே போச்சுன்னா இது எவ்வளவு மோசம்னு புரியுது."

"சத்தியமாச் சொல்றேன். வீட்ல வேணா கேட்டுப் பாரு."

"என் மனசு நோகக் கூடாதுன்னு பாக்குறீங்க. தெரியாதா எனக்கு?" அவள் பின்கட்டுக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடினார். அதற்குள் பீப்பாயைச் சரித்துச் சாக்கடை வாய்க்கு நேரே அடைப்பைத் தட்டிவிட்டாள்.

"வேற யாரையாவது குடிச்சுப் பாக்கச் சொல்லுக்கா. கெஞ்சிக் கேக்குறேன்."

"உங்களுக்கே ஆகாததை நான் யாருக்கு ஊத்துறது?"

அவர் துளையைக் கையால் பொத்திப் பார்த்தார். விரலிடுக்கில் பீய்ச்சிச் சட்டை நனைந்ததுதான் மிச்சம். ஈரக் கையோடு மனைவிக்கு போன் போட்டு, "நீயே சொல்லு" என்று அக்காவின் காதில் வைத்தார். அக்கா கேட்டுக்கொண்டே நின்றாள். பீப்பாயில் ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை.

அப்போது பக்கத்து டயர் கடைக்காரர் சந்துக்குள் எட்டிப் பார்த்தார். "என்னக்கா காய்ச்சுற? ஆரஞ்சுத் தோலை உரிச்சு, இப்ப வெட்டின புல்லு மேல போட்ட மாதிரி ஒரு வாசம். கடையில நிக்க முடியல, மூக்கு இங்க இழுத்துக்கிட்டு வந்துருச்சு."

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த பாட்டில் கிரேட்டின் மேல் உட்கார்ந்தாள். அந்த வாசத்தின் நட்டநடுவில், சட்டை முழுக்க அதே ஏலோடு, நுரையண்ணன் நின்றார். மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். வெறும் காற்று.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"சொல்ல வாய் வரலக்கா."

அடுத்த வருஷமும் அவள் காய்ச்சினாள். அந்த வருஷம் கொடி சரியாகப் பூக்கவில்லை. கடையில் வாங்கிய பூவைக் கலந்தாள். நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டயர் கடைக்காரர் மட்டும், "அன்னிக்கு மாதிரி வரல" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். அக்கா நுரையண்ணனின் மனைவியைக்கூட ஒருமுறை வரவழைத்துச் சுவைக்கச் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, "கசக்குது" என்றார். அடுத்த அண்டாவுக்கும் அதே தீர்ப்பு.

மூக்கு திரும்பவில்லை. ஆனாலும் அவர் வாரம் தவறாமல் கடைக்குப் போகிறார். புதிய பீப்பாயைத் திறந்தால் முதல் கிளாஸ் இன்றும் அவருக்குத்தான். அதை மாற்ற அக்காவுக்கு மனம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா ஜில்லுன்னு இருக்குக்கா."

"சரி," என்று அவள் துண்டை எடுத்து அடுத்த மேசையைத் துடைக்கப் போகிறாள்.